அறுபத்தொன்பது வயது மூச்சு

முதலில் என்னுடைய காகிதத்தைத்தான் கொடுத்தார்கள். அதில் 'நுரையீரல் வயது: 46' என்று அச்சாகியிருந்தது. எனக்கு நாற்பத்து நான்கு நடக்கிறது. இருபத்தாறு வருஷம் சிகரெட் பிடித்தவனுக்கு இரண்டே வயதுதான் தண்டனை என்றால் யார்தான் துள்ள மாட்டார்கள்? ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இலவச நுரையீரல் முகாம் அது. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் காட்டினேன். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரிடமும் நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். நானே வாசித்துக் காட்டினேன்.

அந்த நாற்பத்தாறு சும்மா வந்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு டாக்டர் என் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா உங்க பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதறதப் பாக்க மாட்டீங்க" என்றார். கவிப்பிரியா அப்போது ஏழாவது. பயத்தில் அங்கேயே பாக்கெட்டைக் கசக்கி எறிந்தேன். மலையேறி எங்கள் ஊர் மஞ்சக்குட்டை வந்து சேர்வதற்குள் வேறு பாக்கெட் வாங்கியிருந்தேன். இரண்டு முறை விட்டேன், இரண்டு முறையும் தொட்டேன். ஜீப் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது என்று ஒரு தடவை. மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று போன் வந்தபோது ஒரு தடவை. டென்ஷன் என்று பெயர் வைத்துவிட்டால் எந்தக் கழுதையும் குதிரையாகிவிடும்.

மூன்றாவது முறை என் மனைவி மலர் கையில் எடுத்தாள். இரண்டு ஏற்பாடு செய்தாள். தினமும் சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும் முன் கவிப்பிரியா என் வலது கை விரல்களை மோந்து பார்ப்பாள். ஏலக்காய் மென்றால் வாய் தப்பித்துவிடும், விரல் தப்பாது. வாசம் இல்லையென்றால் காலண்டரில் ஒரு டிக். இரண்டாவது, காலையில் சேர்வராயன் கோயில் ஏற்றத்தில் நடை. கூடவே மலரும் வருவாள்.

"நீ எதுக்குப் புள்ள வர்ற?" என்றேன்.

"தனியா உட்டா நேரா வேலுசாமியண்ணன் பொட்டிக்கடையிலதான் போயி நிப்பீங்க."

காவலுக்கு வந்தாள். ஆனால் சில மாதத்தில் காவல்காரி பின்தங்கிவிட்டாள். நான் முதல் நாள் பன்னிரண்டு இடத்தில் நின்று நின்று ஏறியவன். பிறகு ஆறு இடம், மூன்று இடம், கடைசியில் நிற்காமல் ஓடியே ஏறினேன். உடம்பில் ஒன்பது கிலோ இறங்கியது. மேலே போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் மலர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஏதாவது ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"ஏ புள்ள, சாமி நடை சாத்தறதுக்குள்ள வந்துருவியா?" என்று கத்துவேன். "இருவத்தாறு வருசம் ஊதுனவன் நானு, மூச்சு வாங்கறது உனக்கு!" வழியில் போகிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். "போங்க, வாரேன்" என்று கையை மட்டும் ஆட்டுவாள். அவளால் பேச முடியவில்லை என்று எனக்குத் தெரியாது. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

முகாமிலும் வாய் சும்மா இருக்கவில்லை. சசிரேகா என்ற நர்ஸ், கூட வந்தவங்களும் ஊதிப் பாக்கலாம் என்றார்.

"எனக்கெதுக்குங்க? நான் என்ன சிகரெட்டா குடிச்சேன்?" என்று மலர் பின்வாங்கினாள்.

"ஊது புள்ள. காசா பணமா?" என்று நான்தான் தள்ளிவிட்டேன். அக்கறையில் இல்லை. ஆயுளில் ஒரு சிகரெட் தொடாதவளின் எண்ணுக்குப் பக்கத்தில் என் எண்ணை வைத்துப் பார்க்க ஆசை. அவளுக்கும் என்னைப் போல இரண்டு வயது கூடுதலாக வந்தால் போதும், ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டலாம்.

சசிரேகா புது அட்டைக் குழாய் மாட்டி, மூக்குக்கு கிளிப் போட்டார். "நல்லா இழுத்து ஒரே மூச்சா ஊதுங்கக்கா. ஊதுங்க, ஊதுங்க, உடாதீங்க, ஊதுங்க..." மலர் ஊதினாள். பாதியில் இருமல் வந்தது. மறுபடி ஊதினாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. மூன்றாவது முறை ஊதியபோது, "அடுப்பு ஊதறவ மாதிரியா ஊதற? பலமா ஊது" என்று நான் பக்கத்தில் நின்று கிண்டலடித்தேன்.

சசிரேகா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. எத்தன வருசமா பீடி குடிக்கறீங்க?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர்களிடம், "கேட்டீங்களா, என்ற பொண்டாட்டி பீடி குடிக்கறாளாமா" என்றேன். மலர் மட்டும் குனிந்து சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காகிதம் வந்தது. நான்தான் வாங்கினேன்.

நுரையீரல் வயது: 69.

மலருக்கு முப்பத்தெட்டு.

எனக்கு வந்தது கோபம். வேறென்ன வரும்? "பேப்பர் மாறிப்போச்சுங்க" என்று கத்தினேன். "பேர மாத்திப் போட்டிருக்கறீங்க. படிச்சவங்கதான நீங்க? ஆளுங்க உசுரோட வெளையாடறீங்களா?" மண்டபமே திரும்பிப் பார்த்தது. கத்திக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. மாறிப்போயிருந்தால் அந்த அறுபத்தொன்பது என்னுடையது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் காட்டிய நாற்பத்தாறு அவளுடையது. இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும், சேர்வராயா, மாறித்தான் போயிருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டேன். அதுவரை எந்தச் சாமியிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

சசிரேகா கோபப்படவில்லை. இரண்டு பேரையும் மறுபடி ஊத வைத்தார். பெயரை என் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் அடித்தார். எனக்கு அதே நாற்பத்தாறு வந்தது. அவளுக்கு எழுபது.

உள்ளே உட்கார்ந்திருந்த லேடி டாக்டர் சின்ன வயதுக்காரர். மலரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு கேள்விகள் கேட்டார். விறகு அடுப்பா? நாலு வருஷம் முன்னால் வரைக்கும். இப்போ கேஸ். ஜன்னல் உண்டா? உண்டு, பனிக்கு மூடியே இருக்கும்.

"ஊட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

மலர் என் பக்கம் திரும்பினாள்.

"நானுங்க" என்றேன். "இப்ப உட்டுட்டேன். எட்டு மாசமாச்சு."

"வெளிய போய்ப் பிடிப்பீங்களா, உள்ளயேவா?"

"குளிருங்க" என்றேன். என் வாயில் வந்தது அந்த ஒரே சொல்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுப்புப் புகை பாதி, சிகரெட் புகை பாதி என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே நெஞ்சுதான் வாங்கியிருக்கிறது என்றார். இந்த ஒரு காகிதத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, நாளைக்கே சேலம் போய் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதினார். மருந்தை மூச்சோடு உள்ளே இழுத்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். "போனது போனதுதானுங்களா?" என்று கேட்டேன். "பெரும்பாலும்" என்றார்.

நிற்காமல் கோயில் ஏற்றம் ஏறுகிறவன், மண்டபத்தின் நான்கு படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பதினைந்து வருஷம். மலர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போன நாளெல்லாம் என் ஜீப்பின் முன் சீட்டில்தான் போனாள். மழைக்கும் பனிக்கும் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கி, உள்ளே நான் பற்ற வைப்பேன். ஓரமாக விரலால் படுதாவைக் கொஞ்சம் விலக்குவாள். "மூடு புள்ள, சாரல் அடிக்குது" என்று அதட்டுவேன். மூடிவிடுவாள். என் நெஞ்சைப் பற்றி எத்தனை ராத்திரி பயந்திருக்கிறேன்! நான் வெளியே விட்ட புகை எங்கே போகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பாவி, ஒருநாளும் நினைக்கவில்லை.

ஜீப்புக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டேன். "மூச்சு வாங்கறது உனக்கு எப்ப இருந்து?"

"ரெண்டு வருசமிருக்குமுங்க."

"ரெண்டு வருசம்! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஏன் சொல்லல?"

அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"சொன்னா டென்சன்ல ஒண்ணு பத்த வெச்சுருவீங்கன்னுதானுங்க."

தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று சாலையைத் தாண்டினேன். கால் போன இடம் வேலுசாமி கடை. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னாச்சு ஜெயபிரகாசு? மூஞ்சியில ரத்தமே இல்ல. இந்தா, ஒண்ணு இழு. எல்லாஞ் சரியாயிரும்" என்று கேட்காமலே பழைய பிராண்டை எடுத்து நீட்டினான்.

வாங்கினேன். விரல்களுக்கு நடுவில் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கயிற்றில் தொங்கிய லைட்டர் கைக்கெட்டும் தூரத்தில் ஆடியது. வேண்டும் போலிருந்தது. அந்த நேரத்திலும், அதைக் கேட்ட பிறகும், உடம்பு முழுக்க அது வேண்டும் போலிருந்தது. அதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை.

திரும்பிப் பார்த்தேன். மலர் ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை அல்ல, கையைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை. இரண்டு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்குப் பயந்தாளோ, அது இதோ நடக்கப் போகிறது என்று காத்திருந்தாள்.

சிகரெட்டை வேலுசாமியின் மிட்டாய் டப்பா மேல் வைத்தேன். தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு வந்தேன்.

அவள் தண்ணீரை வாங்கவில்லை. என் வலது கையைப் பிடித்து, கவிப்பிரியா செய்வது போலவே விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். ஆழமாக இழுத்தாள். பாதி மூச்சில் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கும்வரை என் கையை விடவில்லை.

"பத்த வெக்கல மலரு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியுதுங்க. பொகையிலத் தூள் வாசந்தான் இருக்குது. புகை இல்ல."

இறங்கிப் போய் இரண்டு பக்கமும் படுதாவைச் சுருட்டி மேலே கட்டினேன். பனி புகுந்தது. கூடவே பொடித் தூறலும் உள்ளே வந்து அவள் மடியில் விழுந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

"ஏனுங்க, சாரல் அடிக்குதுங்க" என்றாள்.

"அடிக்கட்டும்" என்றேன்.