மூன்றாம் மாடி பிகோனியா

காலையில் பால்கனிக் கதவைத் திறந்தபோது இரண்டாவது தொட்டியிலிருந்தும் ஒரு தண்டு விழுந்து கிடந்தது. ஸ்ரீவித்யா குனிந்து எடுத்தாள். கணுவில் கழன்று, நீர் கோத்து, கண்ணாடி மாதிரி இருந்தது. விரல் பட்டதும் நசுங்கியது. நுனியிலிருந்த ஆரஞ்சு மொட்டு மட்டும் நடந்தது எதுவும் தெரியாததுபோல் திடமாக இருந்தது.

மொத்தமே மூன்று தொங்கு தொட்டிகள். முதலாவது போன வாரம் போய்விட்டது. மூன்றாவதில் இன்னும் எட்டுத் தண்டுகள் கம்பிக்கு வெளியே சரிந்து தொங்கின. அவற்றை அவள் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் தெரிந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து புனேயின் ஔந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அங்கே அவள் வளர்த்ததெல்லாம் வெயில் கேட்கிற செடிகள். இங்கே கிடைத்ததோ வடக்கு பார்த்த பால்கனி. காலையில் அரைமணி நேரம் வெளிச்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நிழலில் பூக்கிற, தொங்கிப் படர்கிற பிகோனியா ஒன்று இருப்பதாகப் படித்துவிட்டு, காலிம்போங்கிலிருந்து கூரியரில் கிழங்குகள் வரவழைத்தாள். முதல் வருடம் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி நட்டு எல்லாவற்றையும் அழுகவிட்டாள். இந்த வருடம் குழி மேலே பார்க்க, பாதி மட்டும் புதையும்படி வைத்தாள். ஜூலையில் பூத்துக் கொட்டியது. கீழே நடை போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இந்த ஊரில் யாரும் அவளை அதற்கு முன் அண்ணாந்தோ குனிந்தோ பார்த்ததில்லை.

கிழங்கு பிழைத்தால் போதும். பனிக்காலத்தில் தண்டெல்லாம் தானே உதிர்ந்து அது தூங்கப் போகும், பிப்ரவரியில் மறுபடி முளைவிடும். கிழங்கு அழுகிவிட்டால் ஒன்றுமில்லை.

அழுகலுக்குக் காரணம் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு நாள் முன்பு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நேர் கீழே 204இல் இருக்கும் நிம்கர் காகூ போட்டது; காகூ என்றால் மராத்தியில் சித்தி, கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த கனமான கோதடிப் போர்வை ஒன்று பால்கனிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். யார் வீட்டுத் தண்ணீர் இது என்று கேட்டிருந்தாள். புனேயின் மழை மாதத்தில் ஒரு கோதடியைத் துவைத்துக் காயவைப்பது எத்தனை நாள் வேலை என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும். அந்தப் பழுப்பு எதன் நிறம் என்றும் தெரியும். தேங்காய் நார்த்தூளில் ஊறி இறங்கும் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

நான்காம் மாடி ஜெயசீலன் பத்து நிமிடத்தில் தங்கள் வீடு இல்லை என்று எழுதினார். ஐந்தாம் மாடியும் இல்லை என்றது. மிச்சம் 304, அவள் வீடு. அவள் 'சாரி' என்று தட்டி அழித்தாள். இந்தியில் எழுதி அழித்தாள். மதியத்துக்குள் எழுதியிருந்தால் சாதாரண மன்னிப்பாகப் போயிருக்கும். சாயங்காலம் அது தாமதமானது. மறுநாள், ஒளிந்திருந்தவள் பிடிபட்டது போலாகியிருக்கும். அதனால் அவள் எழுதவே இல்லை.

அதற்குப் பதிலாக, குழாய் ஒழுக்கை அடைக்கும் பசையைப் பிசைந்து மூன்று தொட்டிகளின் அடித் துளைகளையும் அடைத்தாள். இனி ஒரு சொட்டும் விழாது என்று நிம்மதியாக இருந்தது. அன்று முதல் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினாள். இரண்டாம் மாடியைக் கடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தாள். துளை அடைத்த தொட்டியில் தண்ணீர் எங்கே போகும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்தாள். யோசித்துக்கொண்டே ஊற்றினாள்.

ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக அவள் கணவர் ரவிசந்திரன் அவசரமாக டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். விழுந்த தண்டை அவள் காட்டினாள். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"துளையைத் தொறந்து உடு, வித்யா."

"தொறந்தா கீழ சொட்டுங்க."

"சொட்டுனா போய்ச் சொல்லிப் போட்டு வா. அந்தம்மா என்ன கடிச்சா போடும்? ஒரு செடிக்காகப் பன்னெண்டு நாளா மூணு மாடி ஏறி எறங்கறே. இளைச்ச மாதிரியும் தெரியல."

அவர் போன பிறகு அவள் பால்கனியிலேயே நின்றாள். மேற்குப் பக்கம் வாஷிங் மெஷின் இருக்கும் இடத்தில் மாட்டலாம். பிற்பகல் வெயில் அங்கே சுவரையே கொதிக்க வைக்கும், பிகோனியா இரண்டு நாள் தாங்காது. வேறு இடமில்லை.

காகூவிடம் அவளுக்கு என்ன பயம்? குழாயடியில் எத்தனையோ பேரோடு வாதாடி வளர்ந்தவள் அவள். ஆனால் அதெல்லாம் தமிழில். திட்டு வாங்கினால் திருப்பிக் கொடுக்கவோ, குறைந்தபட்சம் தன் பக்கத்தைச் சொல்லவோ கையில் ஒரு பாஷை வேண்டும். அவளிடம் இருந்தது காய்கறி வாங்குகிற இந்தி. அதை வைத்துக்கொண்டு ஒரு வாசலில், எதிர்வீட்டுக் கதவும் திறந்திருக்க, தலையை ஆட்டியபடி நிற்கும் தன் உருவம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயம் அந்த உருவத்தைப் பார்த்துத்தான்.

மூன்றாவது தொட்டியின் தண்டு ஒன்றை மெல்ல அழுத்தினாள். அடியில் லேசாகக் குழைந்தது.

முகம் கழுவாமல்கூட இறங்கினாள். நின்று கழுவினால் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

நிம்கர் காகூ கையில் மாவோடு கதவைத் திறந்தாள். அறுபது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. ஸ்ரீவித்யா வழியெல்லாம் கோத்துவந்த வாக்கியம் பாதியில் உடைந்தது. கோதடி, தண்ணீர், என்னுடையது என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

காகூ திட்டினாள். உண்மையாகவே திட்டினாள். மராத்தியில் வேகமாக, மாவுக்கையை ஆட்டி ஆட்டி. அம்மா தைத்த கோதடி என்பது புரிந்தது, மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை என்பதும். மற்றது புரியவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஸ்ரீவித்யா தலையை ஆட்டியபடி நின்றாள், தான் பார்த்த அதே உருவமாக. படி பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு காகூவுக்கு மூச்சு வாங்கியது. இந்திக்கு மாறினாள்.

"தெரிஞ்சுகிட்டே பன்னிரண்டு நாள் சும்மா இருந்தியா? அப்புறம் ஏன் சொட்டல?"

"துளையை அடைச்சுட்டேன்."

"அடைச்சா செடி என்ன ஆகும்?"

ஸ்ரீவித்யா விரல்களைச் சேர்த்து நசுக்கிக் காட்டினாள். காகூ அவள் முகத்தைப் பார்த்தாள்.

"படிச்சவதானே நீ?" என்றாள். மன்னித்ததாக ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கை கழுவி, கைபேசியோடு வந்தாள். "நம்பரைப் போடு. தண்ணி விடறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால் குடு. துணியை உள்ள எடுத்துட்டு நான் கட் பண்றேன். கட் ஆனா ஊத்து. கட் ஆகலைன்னா ஊத்தாதே."

மேலே வந்ததும் அவள் திருப்புளியை அடுப்பில் சுட வைத்தாள். கைபேசியை எடுத்து அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து, ஆறு. மனசு மாறிவிட்டதோ? எட்டாவது மணியில் கட் ஆனது.

சூடான முனையைப் பசையில் அழுத்தினாள். முதலில் புகை, பிறகு நாற்றம், பிறகு டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அவள் நினைத்ததைவிட அதிகம். இரண்டாவது தொட்டியில் கிழங்கு விரலுக்குக் கூழாக வந்தது. மூன்றாவதில் ஒரு பக்கம் மெத்தென்றிருந்தது, மறுபக்கம் கல் மாதிரி. மெத்தென்ற பக்கத்தை வெட்டி எடுக்கவேண்டும், மஞ்சள் தடவி உலரவிட வேண்டும். பிழைக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீர் நிற்காமல் விழுந்தது. அவள் கீழே காது வைத்து நின்றாள்.

"ஜாலா கா?" என்று கீழேயிருந்து காகூவின் குரல் வந்தது. முடிந்ததா என்கிறாள்.

ஸ்ரீவித்யாவின் கை தானாகத் துளையைப் பொத்தப் போனது. அதை இழுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து வெளியே குனிந்தாள்.

"நாஹி, காகூ," என்றாள். குரல் சரியாக எழவில்லை. மறுபடி, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "அஜூன் தோடா. இன்னும் கொஞ்சம் இருக்கு."