வெள்ளைக் காரும் ரோஜாவும்

எங்கள் மாடியில் ஆளுக்கொரு கண்ணாடி அறை, ஆளுக்கொரு புதுக் கம்பெனி. ஆனால் பொய் மட்டும் எல்லோருக்கும் பொது: "சூப்பரா போகுது." லிஃப்டில் கேட்டாலும் இதுதான், கை கழுவும் இடத்தில் கேட்டாலும் இதுதான். நானும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டுவது என் ஆப். அதை ஒழுங்காகப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர், 'ரோஜா' என்ற பெயரில். தினமும் ஊற்றிவிட்டதாகப் பதிவு செய்வார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறையும் சொல்வார். அந்தக் குறையைப் படித்தால் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். மனைவியின் அண்ணனோ, "இந்த மாசத்தோட மூட்டை கட்டிட்டு நம்ம டைல்ஸ் கடைக்கு வந்துடு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். காலம் முழுக்க அவர் குத்திக்காட்டலைக் கேட்க என்னால் ஆகாது. ரோஜாவை நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாடியை நிர்வகிக்கும் அக்காவுக்கு எங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டுமென்று வெறி. ஒருநாள் எல்லோரையும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்.

"ஃபோனை மேசையில வைங்க. சூப்பர்ங்கற வார்த்தை இன்னிக்கு யார் வாயிலயும் வரக் கூடாது."

அதை எடுத்துவிட்டால் எங்களிடம் பேச என்ன மிச்சம்? கடைசியில் பக்கத்து அறைக்காரர் கனைத்தார். கார் நிறுத்த இடம் பிடித்துத் தரும் ஆப் அவருடையது.

"எனக்கு நெஜமான கஸ்டமர் ஒருத்தர்தான். 'வெள்ளைக் கார்'னு பேர். அந்தப் புண்ணியவானுக்காகத்தான் இன்னும் மூடாம இருக்கேன். இப்பவே ஒரு நன்றி அனுப்பறேன்."

அனுப்பினார். மேசையில் என் ஃபோன் 'டிங்' என்றது.

பக்கத்து அறையில் என்னதான் செய்கிறார்கள் என்று கள்ளப் பெயரில் எட்டிப் பார்ப்பது ஒரு தப்பா? என்னிடம் கார் கிடையாது, எனக்கு ஓட்டவும் தெரியாது. அவர் முகம் தொங்கிப்போனது. பேச்சை மாற்ற, "எனக்கும் ரோஜான்னு ஒருத்தர் இருக்காரு" என்று நானும் அவசரமாக ஒரு நன்றியைத் தட்டிவிட்டேன்.

அவர் ஃபோன் 'டிங்' என்றது. வயிற்றில் வார்த்த பால் திரிந்துபோயிற்று.

மற்றவர்கள் நைசாகத் தங்கள் ஃபோனை அணைக்கக் கை நீட்டினார்கள். "யாரும் தொடாதீங்க! எல்லாரும் அனுப்புங்க!" என்று அக்கா அதட்டினார். மேசை முழுக்க டிங், டிங், டிங்.

"அப்ப இத்தனை நாளா நமக்கு நாமதான் கஸ்டமரா?" என்று யாரோ கேட்க, அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறைக்காரர் வந்தார். கையில் தொட்டி, தொட்டியில் நிஜ ரோஜாச் செடி.

"ஊத்தியாச்சா ஊத்தியாச்சான்னு உங்க ஆப் உயிரை வாங்கிடுச்சு. பொய் சொல்லிச் சொல்லி மனசு கேக்கல. போன மாசமே வாங்கிட்டேன். நேத்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. வீட்டுல வெயில் இல்ல, இங்க ஜன்னல்ல வைக்கட்டுமா?"

வைத்தார். வந்தவர் போனவர் எல்லாம் பாசத்தோடு தண்ணீர் ஊற்றி, மதியத்துக்குள் செடியை மூழ்கடிக்கப் பார்த்தார்கள்.

"யார் ஊத்தினாங்கன்னு மத்தவங்களுக்கும் தெரியற மாதிரி உன் ஆப்பை மாத்தித் தொலையேன்!" என்று அக்கா கத்தினார்.

பெட்டியைப் பிரித்தேன். மாற்றி முடித்த அன்று மச்சானின் ஃபோன் வந்தது.

"எப்ப கிளம்பறே? சூப்பரா போகுதுன்னு மட்டும் சொல்லாதே."

"சூப்பராவெல்லாம் போகல மச்சான். ஆனா வர முடியாது. இன்னிக்குத் தண்ணி ஊத்தற முறை என்னுது."