வடத்துக்கு ஆள் போதவில்லை

கினுயோ சலவைக்கடை வைத்திருந்தாள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து முப்பத்தோரு வருஷம். ஒவ்வொரு ஏப்ரலிலும் தேர் இழுப்பவர்களின் நீலச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது அவள்தான். முன்பெல்லாம் அறுபது சட்டை வரும். இந்த வருஷம் பத்தொன்பது. தோள்பட்டை என்னவோ அறுபதுக்கு வலித்தது.

தெருத்தலைவர் குராமோச்சி கடைக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"கினுயோம்மா, இருபத்தஞ்சு பேராவது இல்லாம தேர் முக்குத் திரும்பாது. நீங்களும் வடம் பிடிக்கணும்."

"பொம்பளைங்க தொடக்கூடாதுன்னு சொன்னது யாரு? நான் வந்த புதுசுல, காலை இடறுதேன்னு வடத்தைத் தூக்கி ஓரமா வச்சேன். தீட்டுப் பட்டுடுச்சுன்னு ஊரே பாக்க அதுமேல உப்பு தூவிச் சுத்தம் பண்ணது நீங்கதானே?"

"நான்தான். நெனச்சா வெக்கமா இருக்கு."

"ஆள் இல்லேன்னதும் வெக்கம் வந்துடுச்சாக்கும். உலகப் பாரம்பரியப் பட்டியல்ல நம்ம தேர் ஏறிடுச்சுன்னு குதிச்சீங்களே, அதுல ஏத்துனவங்களை வந்து இழுக்கச் சொல்லுங்க."

"போட்டோ எடுக்கத்தான் கூட்டம் வருதும்மா. இழுக்க வரல."

இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து உள்ளே படுத்திருந்த அவள் கணவர் ஷிகெரு குரல் கொடுத்தார். "என் சட்டை சும்மாதான் தொங்குது. வேணும்னா போட்டுக்கோ. எனக்காகப் போகாதே."

அவள் போனது அவருக்காக இல்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தேர் நடுத்தெருவில் நின்றுபோன கதையை வருஷம் முழுக்கக் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

திருவிழாவன்று அவளோடு ஆறு பெண்கள் வந்தார்கள். தபால் நிலைய முக்கில் தேர் நின்றது. அதன் சக்கரங்கள் நேராக மட்டுமே உருளும், வளைந்து திரும்பாது. அடியில் மூங்கில் பத்தைகளைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் தேர் அசையவே இல்லை. இரண்டாவதில் லேசாக ஆடி அப்படியே நின்றது. மூன்றாவதில் மூங்கில் கிறீச்சிட, கோபுரம் போன்ற அந்த உடம்பு மெல்ல வழுக்கித் திரும்பியது.

கூட்டம் கைதட்டியது. கினுயோவுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

முன்னால் நின்று விசிறியை அசைத்து இழுப்புக்குச் சைகை காட்டிய குராமோச்சி வந்து குனிந்து வணங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், குரல் உடைந்தது.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம் தலைவரே. இன்னும் மூணு முக்கு இருக்கு. எனக்குப் பின்னாடி எடம் காலியா இருக்கு பாருங்க, வந்து பிடிங்க."

அவர் விசிறியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் போய் வடத்தைப் பிடித்தார்.