மாலுமியின் குரல்

நாவல்களைச் சத்தமாகப் படித்து ஒலிநூலாக்குவது என் பிழைப்பு. இந்த முறை கதையில் வந்த மாலுமியிடம், இந்த வயதில், வெட்கமில்லாமல் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். கரைக்கு வந்ததும் மனைவியிடம் அவன் கேட்கும் முதல் வார்த்தை, "சாப்டியா?" என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்பதெல்லாம் டிவி ரிமோட்டைத்தான்.

இன்று படித்த அத்தியாயத்தில் அவன் கடலில் மூழ்கிச் செத்தான். படிக்கும்போதே அழுதுவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் தாடிக்காரன் கையை ஆட்டினான்.

"அக்கா, அழுகை கேக்குது. மறுபடி படிங்க."

மறுபடி படித்தேன். மறுபடி செத்தான். கடைசியில் எரிச்சலோடு, மரக்கட்டை மாதிரி படித்துத் தொலைத்தேன்.

"இதுதான்க்கா சூப்பர்!"

"தம்பி, முதல் அத்தியாயத்துல அவன் 'சாப்டியா'ன்னு கேப்பான்ல? அதை ஒரு தடவை போடு."

ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாப்டியா?"

என் குரல். ஆணுக்காக நான் கனமாக்கிக்கொண்ட என் சொந்தக் குரல். இத்தனை நாளும் என்னை விசாரித்தது நான்தான்.