நான்காவது பொன்னாடை

வந்திருந்தவர்கள்: ஞானமுத்து, அவர் மனைவி ஆக்ஸிலியா, டாக்ஸி ஓட்டும் அமல், பாலசமுத்திரத்திலிருந்து ஜீப்பில் ஏறி வந்த சக்திவேல். அவ்வளவுதான்.

ஞானமுத்து குத்துச்சண்டையிலிருந்து ஓய்வு பெறுவது இது நான்காவது முறை. மாநிலப் பட்டம் வென்றவர் என்பதால் முதல் முறை பள்ளி மைதானம் நிறைந்தது. இரண்டாம் முறை பிரியாணி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் சில மாதங்களில் மறுபடி கையுறையை மாட்டி எங்கேயாவது போய் அடி வாங்கி வந்தார். கடைசியாகத் திண்டுக்கல்லில் விழுந்த அடியிலிருந்து எல்லாம் இரண்டாகத் தெரிகின்றன. இன்னொன்று விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, தகரக் கூரை போட்ட பயிற்சிக்கூடம். மத்தியானமே மேகம் உள்ளே வந்துவிட்டது. அமல் பொன்னாடை போர்த்தினான். ஆக்ஸிலியா கை தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

"இந்தத் தடவ நெசந்தானாண்ணே? பொன்னாடைக்கே தனி பீரோ வாங்கணும் போல," என்றான் அமல்.

"வாய மூடுலே."

சக்திவேல் பேச்சை எடுத்தான். "எங்க ஊர்த் திருவிழாவுல பாக்ஸிங் வைக்கிறோம்ணே. நீங்க வரணும். போஸ்டர்ல உங்க படந்தான்."

"எத்தன ரவுண்டு?"

"ஐயோ, சீஃப் கெஸ்ட்டாண்ணே. மேடையில சும்மா உக்காந்தாப் போதும்."

சண்டைக்குக் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார். கூப்பிடவே இல்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டார். ஆணியில் தொங்கிய கையுறைகளை மாட்டிக்கொண்டு சக்திவேலின் முன்னால் வந்து நின்றார்.

"ஏலே, கையக் காட்டு."

"வேணாம்ணே."

"காட்டுலே. ஒரே குத்து. அப்புறம் சொல்லு, நா உக்கார்ற ஆளா, எறங்குற ஆளான்னு."

சக்திவேல் உள்ளங்கையை விரித்து, தோளுக்கு வெளியே நீட்டினான். ஞானமுத்து கால் மாற்றி நின்றார். வலது கை பழைய வேகத்தில்தான் போனது. சக்திவேலின் வாயில் விழுந்தது. அவன் பெஞ்சில் சரிந்து உதட்டைப் பொத்திக்கொண்டான். ஞானமுத்து அதற்குள் மனைவி பக்கம் திரும்பியிருந்தார்.

"எப்படி? கை எரியும்ல அவனுக்கு?"

அமல் தரையைப் பார்த்தான்.

"கையில படலைங்க," என்றாள் ஆக்ஸிலியா. "மூஞ்சியில பட்டிருக்கு."

"சும்மா சொல்லாத."

"திரும்பிப் பாருங்க."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு சக்திவேல்கள் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் வாயிலும் ரத்தம்.

"பல்லு ஏதும் ஆடுதாலே?"

"இல்லண்ணே. குத்து நல்லாத்தான் இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஞானமுத்து பட்டையைப் பல்லால் இழுத்துக் கையுறைகளைக் கழற்றினார். உதவ வந்த அமலைத் தலையசைத்து நிறுத்தினார். கழற்றியதைத் தரையிலேயே விட்டார்.

"என்னிக்குத் திருவிழா?"

"ஞாயித்துக்கெழமண்ணே."

"வெள்ளனே வண்டி அனுப்பு. உக்காந்துக்கிறேன்."

படியைக் காலால் தடவித் தேடி வெளியே இறங்கினார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். கடைசியாக வந்த ஆக்ஸிலியா கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.