வாசல் தொட்டி

"தண்ணி காஞ்சிருச்சு, குளிப்பாட்டிரலாம். கோடி எங்கீங்க?" என்று வெளியே யாரோ கேட்டபோது, மாதம்மாள் தன் அம்மா அத்தாயியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

கோடிச் சேலை ஒன்றும் தொலைவில் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம், சில்வர் ஓக் மரத்தடியில், பொன்னுவேல் மாமாவின் கக்கத்தில் இருந்தது. காலை பஸ்ஸில் வாழவந்தியிலிருந்து வந்து இறங்கிய மனிதர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறந்த வீட்டுச் சேலை போர்த்தாமல் தங்கையின் பாடையைத் தூக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வந்து கூப்பிடட்டும் என்ற வீம்பு.

அப்பா செல்லப்பன் மெல்ல அருகில் வந்தார். "ஒரு எட்டுப் போயிட்டு வா கண்ணு. அம்மா அன்னைக்குச் செஞ்சது தப்புத்தானுங்க மாமான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. வந்துருவாரு."

அது காலரா வந்த வருடத்துக் கோபம். ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு அந்த நோய் மலைக்கும் ஏறி வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இன்பமேரிக்கும், வார்டு கழுவிய அம்மணிக்கும், நோயாளிகளை ஏற்றி வந்த ஜீப் டிரைவர் சிக்கந்தருக்கும் வீட்டுக்குப் போக நேரமில்லை. அவர்களுடைய பிள்ளைகளைத் தொடக்கூட ஊரில் ஆளில்லை. எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்த அத்தாயிதான், "எம்பட ஊட்டுல உட்டுப்போட்டுப் போங்க. நீங்க அங்க இல்லாட்டி ஊரு தாங்காது" என்றாள்.

ஒரே ஒரு சட்டம் போட்டாள். வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் சிவப்பு சோப்பு. கை கழுவாமல் யாரும் படி ஏறக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மகளின் சீருக்கு அழைக்க வந்தார் பொன்னுவேல். "கையைக் கழுவிட்டு வாங்கண்ணா" என்றாள் தங்கை. இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவன்தானே அங்கெல்லாம் வாசலில் கை கழுவுவான்? "கூடப்பொறந்தவன எழவுக்குப் போயிட்டு வந்தவனாட்டம் வாசல்ல நிறுத்திப்போட்டாளே!" என்று கத்திவிட்டுப் போனவர்தான். அதன்பின் அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை. அத்தாயியும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளிடம் இருந்த ஒரு பிள்ளைக்கும் வயிறு போகவில்லை.

"போக மாட்டேனுங்கப்பா" என்றாள் மாதம்மாள். "அம்மா செஞ்சது தப்புன்னு இந்த வாயால சொல்ல மாட்டேன்."

"அப்பறம் கோடிக்கு என்ன பண்றது சாமி?"

"இல்லாமயே போகட்டுமுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் மரத்தடிக்கே போனது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழவந்தி பஸ் நின்றால் எட்டிப் பார்த்தவள் அம்மா.

ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சிக்கந்தரின் மகன் ஜாபர் அலி. உள்ளேயிருந்து நரைத்த தலையுடன் இன்பமேரியும், அன்று இந்த வீட்டில் வளர்ந்த மற்ற பிள்ளைகளும் இறங்கினார்கள். எல்லோரும் ஆளாகிவிட்டார்கள். முன்னால் வந்த ஜாபர் அலி மாலையை வேலி மேல் வைத்தான். அத்தாயி கடைசிவரை எடுக்க விடாத அந்தத் தொட்டியில் தண்ணீர் மொண்டான். சோப்பை எடுத்துத் தேய்த்தான்.

"ஏனுங்க தம்பி, எழவு ஊட்டுக்கு வாரப்ப எவனாச்சும் கை கழுவுவானா?" என்று பந்தலடிப் பெரியவர் ஒருவர் அதட்டினார். "போறப்பத்தான் கழுவோணும்."

"கழுவாம உள்ள போனா ஆயா வையுமுங்க" என்றான் அவன். சிரிக்கப் போனவன் அழுதுவிட்டான்.

அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். இன்பமேரியும் வளையலை மேலே தள்ளிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தாள். மாதம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பெருமைக்கு முன் கோடி என்ன பெரிய கோடி என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மரத்தடியிலிருந்து பொன்னுவேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளும் உள்ளே போன பிறகு சாலையைக் கடந்து வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்றார். மாதம்மாள் தொட்டியின் மறுபக்கம் வந்து நின்றாள்.

அவர் கோடியைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

மாதம்மாள் சொம்பில் தண்ணீர் மொண்டாள்.

"வெரலுச் சந்துலயும் தேய்க்கோணுமா கண்ணு?"

"ஆமாங்க மாமா."

நுரை முழுக்கப் போகும்வரை அவள் ஊற்றினாள்.