இன்னொரு கீபோர்டு

“மானிட்டரை அணைங்க சார்.”

அறையில் ஓடிக்கொண்டிருந்த கீபோர்டு சத்தமெல்லாம் நின்றுபோனது. கோகுலகிருஷ்ணன் சாரிடம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு இருந்தது. மையத்தின் பொறுப்பாளர் நந்திதா மேடம் தனியாகக் கூப்பிட்டே சொல்லியிருந்தார். மற்றவர்களிடம் சொல்லலாம். நான் சொல்வதுகூட இல்லை. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் மானிட்டரின் பவர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி பீரோவில் போட்டுவிட்டுத்தான் வகுப்பையே தொடங்குவேன்.

“இன்னாம்மா சொன்னே?” என்றார் அவர்.

“அணைங்கன்னு சொன்னேன். கீபோர்டு கத்துக்க வந்தீங்க. கத்துக்காம எட்டிப் பாத்துக்கினே இருக்கீங்க.”

“எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியுது. தெரியறத எதுக்கு அணைக்கணும்?”

“அந்தக் கொஞ்சம்தான் சார் உங்கள கெடுக்குது.”

பக்கத்து மேசை கன்னிகாவுடையது. சூளூர்பேட்டைக்காரி. அவளுக்கும் ஆட்களின் உருவம் மங்கலாகத் தெரியும். தெரிந்தும் அவள் வயரை நான் பிடுங்கியிருந்தேன். அந்தக் கடுப்பு அவளுக்கு இன்னும் போகவில்லை.

“சாமி தரிசனம் மாதிரி மூக்க ஒட்டிக்கினு பாக்குறாரு தரணி. இங்க ஜருகண்டி சொல்லி இழுத்துவுட ஆளில்லன்னு தைரியம்.”

பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். வராந்தாவில் அவர் குரல் கேட்டது. தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது எங்கள் மையம். பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. நான் அங்கே பயிற்றுநர். பிறந்ததிலிருந்து எனக்குக் கண் தெரியாது. ஊர் கங்காதர நெல்லூர். எங்கள் வீட்டில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.காம். என்று சொல்ல வராமல் நைனா அதைப் ‘பெரிய படிப்பு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோகுலகிருஷ்ணன் சாருக்குச் சித்தூர். அங்கே ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். சில வருடங்களாகக் கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு ஸ்ட்ரா வழியாகப் பார்ப்பதுபோலத்தான் தெரிகிறது என்று அவரே சொன்னார். அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸில் மறைத்து மறைத்து வேலை பார்த்திருக்கிறார். ஒருவர் கணக்கில் போட வேண்டியதை இன்னொருவர் கணக்கில் போட்டபோது மாட்டிக்கொண்டார்.

சட்டப்படி அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஆனால் வாசல் பக்கம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைக்க முடியும். காலையில் கையெழுத்து, சாயந்திரம் கையெழுத்து, நடுவில் வருகிறவர் போகிறவருக்கு வணக்கம். அந்த நாற்காலி வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டதில் நிர்வாகக் குழு ஒரு வாய்ப்பு கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் முன்னால் உட்கார்ந்து உன் செக்ஷன் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்து காட்டு, செய்தால் பழைய சீட்டு உனக்கே என்றார்கள். அதற்காகத்தான் தினமும் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

மையத்துக்கு ஏசியும் நாற்காலிகளும் வாங்கிக் கொடுத்தவர் அவர் தம்பி சுரேஷ்பாபு. அதனால்தான் அவர் மேசையில் மட்டும் மானிட்டர் எரிந்தது.

அன்று சாயந்திரம் மேடம் என்னைக் கூப்பிட்டார். மேடத்துக்குத் தாய்மொழி தெலுங்கு. கோபம் வந்தால் தமிழ் இன்னும் மெதுவாக வரும்.

“தரணி, உனக்கு நான் என்ன சொன்னேன்?”

“அவர்கிட்ட மானிட்டரை அணைக்கச் சொல்லாதன்னு.”

“மரி? அப்புறம்?”

“சொன்னேன் மேடம். இப்படியே போனா வெள்ளிக்கிழமை அவரு சீட்டு போயிடும்.”

“அட்ல காது தரணி, அப்படி இல்ல. அவரு பெரிய மனுஷர். மனசு ஒடைஞ்சிடும். நம்ம வேலை தைரியம் குடுக்கிறது.”

“நம்ம வேலை ஷார்ட்கட் சொல்லிக்குடுக்கறதுன்னு நெனச்சேன்.”

மேடம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நாங்கள் சொல்லித்தருவது பெரிய வித்தை இல்லை. ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். மவுஸ் கிடையாது. எச் தட்டினால் அடுத்த தலைப்பு, பி தட்டினால் அடுத்த பட்டன், இன்சர்ட்டோடு எஃப் ஏழு தட்டினால் பக்கத்திலிருக்கும் லிங்க் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். விரல் தானாகப் போய் உட்கார மாதக்கணக்காகும்.

கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். குரல் முடிக்கும்வரை பொறுக்க மாட்டார்கள். பெயர் அடிக்கும் கட்டத்துக்கு வந்ததும் என்டர் தட்ட வேண்டும், ‘டுக்’ என்று ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம்தான் எழுத்து உள்ளே போகும். சார் கட்டத்தைக் கண்ணால் பார்த்துவிடுவார். பார்த்ததும் அடிக்க ஆரம்பித்துவிடுவார். பாஸ்கர் என்று அவர் ஆங்கிலத்தில் அடித்தால் பி ஒரு பட்டனுக்குத் தாவும், எச் ஒரு தலைப்புக்குத் தாவும், கே எங்கேயோ ஒரு லிங்க்கில் போய் விழும். குரல் ஓரிடத்தில் கத்திக்கொண்டிருக்கும், அவர் கண் வேறிடத்தில் தேடிக்கொண்டிருக்கும். கடைசியில் மவுஸ் சக்கரம் கரகரவென்று உருளும் சத்தம் கேட்கும். நான் அவர் பின்னால் நின்றுகொண்டு பல்லைக் கடிப்பேன்.

திங்கட்கிழமை ஒரு வவுச்சர் பதிவு செய்யக் கொடுத்தேன். பாதியில் கூட்டல் போட்டுப் பார்க்கக் கால்குலேட்டரைத் திறக்கப் போனார். கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஸ்டார்ட் மெனு வரும். ஆனால் வலது கட்டை விரலை எப்போதும் இன்சர்ட் மேலேயே ஊன்றிவைத்திருப்பது அவர் பழக்கம். எடுங்கள் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. எடுக்காமலே தட்டினார்.

மூன்றும் சேர்ந்தால் வேறு கட்டளை. திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்காருபவர் நம் மெயிலைப் படித்துவிடாமல் நாங்கள் போட்டுக்கொள்வது. ‘ஸ்கிரீன் கர்ட்டன் எனேபிள்ட்’ என்று குரல் தெளிவாகச் சொன்னது. அவர் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மூச்சு மாறியது.

“தரணி.”

“சொல்லுங்க சார்.”

“போயிடுச்சும்மா.”

“எது?”

“எல்லாம். எல்லாமே போயிடுச்சு.”

கன்னிகாவின் மேசையில் கீபோர்டு நின்றது.

“தலைய தூக்குங்க சார். மேல பாருங்க. டியூப் லைட் தெரியுதா?”

“...தெரியுது.”

“அப்போ உங்க கண்ணு அங்கேயே இருக்கு. ஸ்கிரீன்தான் போச்சு. இன்சர்ட்ட புடிச்சிக்கினே கன்ட்ரோல் எஸ்கேப் அடிச்சிட்டீங்க. அதே மூணையும் திரும்ப அடிச்சா வந்துடும்.” அப்புறம் இதையும் சொன்னேன்: “வவுச்சர் பாதியில நிக்குது.”

அவர் கீபோர்டை நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கீழே ரயில் அறிவிப்பு தெலுங்கில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை வந்துபோனது. அவர் அந்த மூன்று கீயையும் அடிக்கவில்லை. ஈ தட்டினார். ‘எடிட், நேம்’ என்றது குரல். என்டர். டுக். அதற்காகக் காத்திருந்தார். முதல் தடவையாக அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தார். பெயர் உள்ளே போனது. டேப். தொகை. ஒரு எண்ணைத் தப்பாக அடித்தார், குரல் சொன்னதும் அழித்துத் திருத்தினார். டேப், டேப். ‘சேவ் பட்டன்.’ என்டர். ‘வவுச்சர் சேவ்டு.’

அதற்கப்புறம்தான் திரையைத் திரும்ப வரவழைத்தார்.

“இன்னா சார், பாஸாயிட்டீங்க! பிரியாணி எப்போ?” என்றாள் கன்னிகா.

அவர் கைக்குட்டையை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சித்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் அன்று சந்தோஷமாகத்தான் ரூமுக்குப் போனேன்.

மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமை மேடம் அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மேடம், சார், சார் தம்பி. சுரேஷ்பாபு பேசினால் மேசைக் கண்ணாடி அதிரும்.

“உக்காரும்மா. எங்கண்ணன நல்லா பயமுறுத்திட்ட. ராத்திரியெல்லாம் தூங்கல அவரு. போகட்டும், அதுக்காக வரல.” என் கையில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தார். “இன்னான்னு பாரு.”

பிரித்துப் பார்த்தேன். வயர்லெஸ் கீபோர்டு. கூடவே விரல் நுனி அளவு ஒரு ரிசீவர்.

“வெள்ளிக்கிழமை அந்தச் சின்னத ஆபீஸ்ல அண்ணன் சிஸ்டத்துல பின்னாடி சொருகிடறோம். யாருக்கும் தெரியாது. பக்கத்துல ரெக்கார்ட் ரூம் இருக்கு, நடுவுல பலகைதான். நீ அங்க உக்காரு. காதுல ப்ளூடூத். மெஷின் சொல்றது உனக்குக் கேக்கும். அவங்க இன்னா கேட்டாலும் நீ அடி. அண்ணன் ஸ்கிரீனப் பாத்துக்கினு கீபோர்டு மேல கைய வெச்சிக்கினு இருப்பாரு. ஒரு மணி நேரம்.”

“மேடம்?” என்றேன்.

மேடம் தொண்டையைச் செருமினார். “ஒரு உதவிதானே தரணி. யாருக்கும் நஷ்டம் இல்ல.”

“சார், நீங்க சொல்லுங்க. திங்கக்கிழமை நீங்களேதான முடிச்சீங்க?”

“அது பயத்துல வந்ததும்மா,” என்றார் கோகுலகிருஷ்ணன் சார்.

“பயத்துல வந்தாலும் வந்துச்சில்ல.”

“திரும்ப அந்த இருட்டுல என்னால உக்கார முடியாது. உனக்குச் சொன்னா புரியாது.”

“புரியாதுதான் சார். இருட்டுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாது. வெளிச்சமும் தெரியாது. ஆனா வெள்ளிக்கிழமை போனா சனிக்கிழமை வரும். அன்னிக்கு யாரு அடிப்பாங்க?”

“அதுக்கும் யோசிச்சிட்டோம்,” என்றார் தம்பி. “குழுவுல எனக்கு ஆளுங்க இருக்காங்க. உன்ன அங்கேயே சேத்துவுடறேன். அண்ணனுக்கு ஹெல்ப்பர் மாதிரி. உனக்கும் ஊர்லர்ந்து கிட்ட. இன்னாத்துக்கு இங்க கெடந்து ஹாஸ்டல் சாப்பாடு துன்னுக்கினு இருக்கணும்?”

கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூர் ஆபீஸுக்கு ஒரே பஸ். பொண்ணு ஆபீஸ் வேலைக்குப் போகிறாள் என்று நைனா டீக்கடையில் சொல்லாத ஆள் பாக்கி இருக்காது. அதை நான் நினைக்காமல் இல்லை. கீபோர்டு மடியில் இருந்தது. எஃப், ஜே கீகளின் மேலிருக்கும் மேடுகளை விரல்கள் தாமாகவே தேடிக்கொண்டிருந்தன.

“எந்த வேலை சார் அது? சீட்டு எங்க?”

“சீட்டெல்லாம் எதுக்கு? அந்த ரெக்கார்ட் ரூம்லயே இருந்துக்கலாம்.”

“அதே சங்கத்துக்கு நான் போன வருஷம் கிளார்க் வேலைக்கு வந்தேன். கண்ணு தெரியாத பொண்ணுக்குக் கம்ப்யூட்டர்ல இன்னா வேலைன்னு கேட்டு வாசல்லயே அனுப்பிட்டாங்க. சாருக்கு ஞாபகம் இருக்கா தெரியல.”

சார் காலை மாற்றிப் போட்டுக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது.

“கோவப்படாத தரணி,” என்றார் மேடம். “சுரேஷ்பாபு சாருக்கு நல்லா தெரிஞ்ச இடம் அது. நீ மாட்டேன்னு சொன்னா இங்கயும் எனக்குக் கஷ்டம். கொஞ்சம் புரிஞ்சுக்கோ.”

புரிந்தது. கீபோர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். ரிசீவரை உறையில் போட்டு மேலே வைத்தேன். கைப்பையிலிருந்து லேப் சாவியை எடுத்து மேடம் மேசையில் வைத்தேன்.

“இது எதுக்கு?” என்றார் மேடம்.

“கன்னிகாவுக்குக் கம்ப்யூட்டர்ல டேபிள் படிக்கிற பாடம் பாக்கி இருக்கு. வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க.”

“ஏய், யோசிச்சுதான் பேசறியா?” என்று சுரேஷ்பாபு எழுந்தார். “இன்னொரு வேலை உனக்கு யாரு குடுப்பா?”

சார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினேன்.

“வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கு சார். என் நம்பர் உங்ககிட்ட இருக்கு. கூப்பிட்டா சித்தூருக்கே வந்து சொல்லிக்குடுக்கறேன். மானிட்டர் இல்லாம. உங்க கைல, ஒரே கீபோர்டு. மத்த எதுக்கும் கூப்பிடாதீங்க.”

“தரணி...” என்றார் அவர். நான் காத்திருக்கவில்லை. மடக்கி வைத்திருந்த கைத்தடியை உதறி நீட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். லேப்பில் யாரோ எச் தட்டித் தட்டித் தலைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன்.